பின்பக்கம் எழுதிய அம்பு

பலகையில் நேராக எழுதுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கையும் பிரஷும் இருக்கிற எவனும் நாலு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். அக்ரிலிக் தகட்டின் பின்பக்கம் எழுதுகிறானே, அவன்தான் வேலைக்காரன். கண்ணாடி மாதிரித் தெளிந்த தகடு. முன்பக்கத்தில் ஒரு சொட்டுப் பெயிண்ட் இருக்காது. எழுத்தெல்லாம் பின்னால், இடத்தை வலமாக்கி வலத்தை இடமாக்கி எழுதியிருக்கும். திருப்பிப் பார்த்தால் நேராக நிற்கும். முன்னால் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள், டெட்டால் ஊற்றிக் கழுவுங்கள், பத்து வருஷமானாலும் எழுத்து அசையாது. டில்லி ஓக்லா தொழிற்பேட்டை, இரண்டாம் ஃபேஸில் அந்த வேலைக்கு ஆள் யார் என்று கேட்டால் எல்லாரும் தர்மனைத்தான் சொல்வார்கள்.

தர்மனுக்கு ஊர் விழுப்புரம் பக்கம். குடியிருப்பு டில்லியில் தமிழர்கள் குடிசை போட்ட மதராசி கேம்ப். பதினாறு வருஷமாக ஒரே பலகைப் பட்டறையில் வேலை. நேராக அச்சடித்த இந்தியைப் படிக்கச் சொன்னால் தடுமாறுவான். மாற்றி எழுதியதைக் கொடுத்தால் கடகடவென்று படிப்பான். “உன் மூளையையே யாரோ திருப்பி மாட்டிட்டாங்கப்பா” என்று ஸ்ப்ரே அடிக்கிற அய்யாசாமி கேலி செய்வான். தர்மன் சிரித்துக்கொள்வான். கேலி என்றாலும் உள்ளூர அவனுக்கு அதில் பெருமைதான்.

தொண்ணூற்றெட்டு மே மாதம். முந்தின வருஷம் ஜூனில் டில்லியில் ஒரு சினிமா கொட்டகையில் தீப்பிடித்து, வெளியே வரமுடியாமல் ஜனங்கள் புகையில் மூச்சுமுட்டிச் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் ‘வெளியே போகும் வழி’ பலகை கேட்டுப் பட்டறைக்கு வராதவர்கள் இல்லை. அன்று காலை தர்மன் கையில் இருந்ததும் அதே பலகைதான், ஒரு பள்ளிக்கூடத்துக்கு. மேலே இந்தி, கீழே இங்கிலீஷ், பக்கத்தில் ஒரு அம்பு. ஓடுகிற மனிதன் படமெல்லாம் அப்போது இங்கே இன்னும் வரவில்லை.

எழுத்தும் அம்பும் வெட்டிய ஒட்டுத்தாளை முதல் தகட்டின் பின்னால் ஒட்டி, ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும் ஒட்டுத்தாளை உரித்து, திருப்பி ஜன்னலோரம் சாய்த்து வைத்தான். பள்ளிக்கூடம் கொடுத்த வரைபடத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். வரைபடத்தில் அம்பு இடப்பக்கம் காட்டியது. தகட்டில் வலப்பக்கம் காட்டியது.

“அடச்சீ” என்றான். எழுத்தை மாற்றி வெட்டியிருக்கிறான்; அம்பை மட்டும் வரைபடத்தில் இருந்தபடியே வைத்து வெட்டியிருக்கிறான். திருப்பியதும் அது எதிர்ப்பக்கம் போய்விட்டது. எழுத்து தப்பாகப் போனால் தூரத்திலிருந்தே பல்லைக் காட்டும். அம்பு அப்படியா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அது அம்புதான், அழகாகத்தான் இருக்கும். இந்தத் தப்பைத் தெருவில் போகிறவன் செய்யமுடியாது. பின்பக்கம் எழுதத் தெரிந்தவனால்தான் முடியும்.

சரி, ஒரு தகடு வீண், போகட்டும் என்று அதை ஓரமாக வைத்தான். அடுத்த தகட்டை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அப்படியானால் அந்த நர்சிங் ஹோம் பலகைகள்?

லஜ்பத் நகர் பக்கம் ஒரு நர்சிங் ஹோமுக்கு ஒரு மாதம் முன்னால் ஆறு பலகை செய்து கொடுத்தான். தரைக்குக் கீழே, எக்ஸ்ரே எடுக்கிற தளத்துக்கு. ஓடிப்போய்ப் பரணிலிருந்து, அந்தப் பலகைகளை வரைந்து வைத்த பட்டர் பேப்பர் சுருளை இழுத்தான். தூசி கொட்டியது. விரித்தான். எழுத்து மாற்றி வரைந்திருந்தது. அம்பு மாற்றாமல் இருந்தது. அந்தக் கட்டிடத்தின் வரைபடமும் உள்ளேயே சுருண்டிருந்தது. வராந்தாவின் இடது கோடியில் மாடிப்படி. வலது கோடியில் சாமான் அறை, அதன் முன்னால் பூட்டிய ஷட்டர். அவன் செய்த ஆறு பலகையும் ஜனங்களை ஷட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

 அந்த நாற்பத்து நாலு டிகிரி வெயிலில் அவன் முதுகு சில்லென்று ஆனது.

“என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றான் அய்யாசாமி.

தர்மன் சொன்னான்.  அய்யாசாமி சுருளைப் பார்த்தான், வரைபடத்தைப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான்.

“மாட்டினவனுங்க பாக்கலியா?”

“அவனுங்க பின்னால ஒட்டுன நம்பரைப் பாத்து மாட்டுவானுங்க. அம்பை யாரு பாக்கறாங்க?”

“ஒரு மாசமா அங்க போறவன் வர்றவன் யாராச்சும் கேட்டானா? கேக்கலை. கேக்கவும் மாட்டான். சுருட்டி வெச்சுட்டு வேலையைப் பாரு. நீயா போயி வாயைத் தொறந்தே, உள்ள தள்ளிடுவாங்க. அந்த சினிமா கேஸ்ல எத்தினி பேரைப் புடிச்சாங்க, பேப்பர்ல பாத்தியா இல்லியா?”

பார்த்திருந்தான். அதுதான் பயம். நர்சிங் ஹோம் மேனேஜர் பலகையோடு ஒரு காகிதமும் கேட்டிருந்தார்: சரிபார்த்துக் கொடுத்தது இன்னார் என்று. பட்டறை முதலாளியை எல்லாரும் ‘பையா’ என்பார்கள், இந்தியில் அண்ணன்; கெட்டிக்காரர். “நீதானே செய்தாய், நீயே போடு” என்று பேனாவை நீட்டினார். பதினாறு வருஷத்தில் அவன் வேலைக்கு யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. தர்மன் இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டு, மூன்றாவது முறை அந்தக் காகிதத்தில் அழகாகப் போட்டான். போடா மடையா என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டான்.

அதோடு போனதா? இல்லை. பலகையை வாங்க வந்த மேனேஜர் ஸ்பிரிட் பஞ்சால் தகட்டைத் தேய்தேய் என்று தேய்த்துப் பார்த்து, அசையவில்லை என்றதும் ரொம்பச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத் தர்மன் கேட்டான்: “சாப், என் சம்சாரத்துக்கு ஒரு வேலை?” கிடைத்தது. அம்சவேணி இப்போது மூன்று வாரமாக அங்கே இரண்டாவது மாடியில் ஆயா. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். வெள்ளைப் புடவையும் நீல பார்டருமாக அவள் கேம்ப் சந்தில் நடந்து போகிறதைப் பார்க்கப் பக்கத்து வீட்டு வடிவு வாசலுக்கே வந்து நிற்பாள். “எங்க ஊட்டுக்காரர் எழுதின போர்டுதான் அங்க பூரா” என்று அம்சவேணி குழாயடியில் சொல்லாத நாளில்லை.

இப்போது சொன்னால் இவன் வேலை போகும், அவள் வேலை போகும், போலீஸ் வரும். சொல்லாவிட்டால்? ஒன்றும் நடக்காமலே போகலாம். அந்தத் தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வழி தெரியும். எந்த மகராசன் பலகை பார்த்து நடக்கிறான்? வழி தெரியாத ஒருவன், இருட்டில், புகையில், உயிருக்கு ஓடும்போதுதான் அதைப் பார்ப்பான். அன்றைக்கு ஒரே ஒரு நாள்தான் பார்ப்பான். அதை நினைக்க நினைக்கத் தர்மனுக்கு உட்காரமுடியவில்லை.

கடைசியில் பயந்தவன் என்ன செய்வானோ அதையே செய்தான். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று முடிவு செய்தான். பலகையின் அதே பச்சையில் ஸ்டிக்கர் எடுத்து ஆறு பட்டை வெட்டினான், பழைய அம்பை மறைக்க. அதன் மேல் ஒட்ட வெள்ளையில் ஆறு அம்பு. இந்த முறை நேராக வெட்டினான். வெட்டியதை வரைபடத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாக நாலு தடவை பார்த்தான். பலகைக்குப் பின்னால் பேட்டரி விளக்கு உண்டு. கரண்ட் போனால் பச்சையாக ஒளிரும். ஸ்டிக்கர் ஒட்டினால் அம்பு அந்த இருட்டில் தெரியாது. பரவாயில்லை, தப்பாகக் காட்டுவதற்குத் தெரியாமலே போவது மேல். புதுத் தகடுகளை நாளைக்குச் செய்து ஏதாவது சாக்குச் சொல்லி மாட்டிக்கொள்ளலாம்.

“பையா, வயித்து வலி” என்று முதலாளியிடம் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தவர் நம்பிவிட்டார்.

பஸ் ஊர்ந்தது. மே மாதத்து மத்தியான பஸ் என்றால் அது பஸ்ஸே இல்லை, வாணலி. தர்மன் சட்டைப் பையில் ஸ்டிக்கரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஒரு மாதம் சும்மா இருந்தது இந்த ஒரு மணி நேரத்திலா நடந்துவிடப் போகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சிக்னலில் எங்கேயோ சைரன் கேட்டது. ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தான். ஆம்புலன்ஸ்தான், எதிர்ப்பக்கம் போனது.

நர்சிங் ஹோம் வாசலில் வாட்ச்மேனுக்கு அவனைத் தெரியும். அம்சவேணியை அழைத்துப்போக இரண்டு நாள் வந்திருக்கிறான். “அரே, போர்டுவாலா!” என்றான். கீழே பலகை ஸ்க்ரூ சரிபார்க்க வேண்டும் என்று தர்மன் சொன்னான். போ போ என்று வாட்ச்மேன் கை காட்டினான். உலகத்தில் ஒரு இடத்துக்குள் நுழைய ஸ்க்ரூ டிரைவரைப் போல ஒரு அனுமதிச் சீட்டு கிடையாது.

படி இறங்கினான். நீள வராந்தா. நடுவில் பெஞ்சுகளில், லிஃப்டில் இறங்கி வந்த எட்டுப் பத்துப் பேர் எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தார்கள்; எக்ஸ்ரே எடுக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். பெஞ்சுகளுக்கு எதிர்ச்சுவரில் வரிசையாக அவனுடைய ஆறு பலகைகள். என்ன நேர்த்தி! எழுத்து கடைந்தெடுத்த மாதிரி இருந்தது. ஆறு அம்புகளும் ஒரே மாதிரி, ஒரே உறுதியோடு, ஷட்டரைக் காட்டிக்கொண்டு நின்றன. தன் வேலையைப் பார்த்தே ஒரு மனிதனுக்குக் குலை நடுங்குமா? நடுங்கியது.

படிக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் ஆரம்பித்தான். பச்சைப் பட்டையை ஒட்டி உள்ளங்கையால் தேய்த்தான். மேலே அம்பை ஒட்டினான். அவசரத்தில் கொஞ்சம் கோணலாகிவிட்டது. உரித்து மறுபடி ஒட்டினான். ஒன்று முடிந்தது, இன்னும் ஐந்து என்று மூச்சு விட்டான்.

விளக்கு போய்விட்டது.

டில்லியில் கோடையில் கரண்ட் போவது ஒரு சங்கதியா? பெஞ்சில் யாரோ சலித்துக்கொண்டார்கள். ஜெனரேட்டர் போடுவார்கள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். எங்கேயோ அது இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பட்டென்று ஒரு சத்தம். கூரையில் ஏ.சி. காற்று வருகிற கம்பித் துளைகளிலிருந்து காற்றுக்குப் பதில் ரப்பர் எரிகிற நாற்றம் வந்தது. அப்புறம் புகை வந்தது. வராந்தா முழுக்க, ஒரே நேரத்தில், எல்லாத் துளையிலிருந்தும் இறங்கியது. எந்தப் பக்கம் எரிகிறது என்று யாருக்கும் சொல்லமுடியவில்லை.

ஒரு பெண் அலறினாள். இருட்டு. இருட்டில் பலகைகள் பச்சையாக, பளிச்சென்று ஒளிர்ந்தன; ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றில் மட்டும் அம்பு இல்லை. மற்ற ஐந்தில் புகையிலும் எழுத்து தெரிந்தது, அம்பு தெரிந்தது. அவ்வளவு நல்ல வேலை. அதுதான் வினை.

“இதர் ஆயியே! இதர்! டரோ மத்!”

தர்மன் சட்டென்று திரும்பினான். இந்தப் பக்கம் வாருங்கள், பயப்படாதீர்கள் என்று கூப்பிடுவது அம்சவேணியின் குரல். இரண்டாவது மாடியில் இருக்க வேண்டியவள். இவன் சுவரைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவியை நாற்காலி வண்டியில் வைத்து லிஃப்டில் கீழே கொண்டுவந்திருக்கிறாள். இந்தத் தளத்தில் இதற்குமுன் அவள் கால் வைத்ததே இல்லை. படி எங்கே என்று அவளுக்குத் தெரியாது.

“போர்டு தேகோ! மேரா ஆத்மி பனாயா! சப் இதர் ஆவோ!” என்று தன் உடைந்த இந்தியில் கத்திக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் செய்த போர்டு, எல்லாரும் இந்தப் பக்கம் வாருங்கள் என்று. அந்தக் குரலில் பயமே இல்லை. பயந்து கிடந்த ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்? எழுந்து அவள் பின்னால் போனார்கள். வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு ஷட்டர் பக்கம் போவது அவனுக்குக் கேட்டது.

“அம்சா! அந்தப் பக்கம் போவாத! திரும்பு!”

“யோவ், நீயா? நீ எங்க இங்க? போர்டு இந்தப் பக்கம்தான்யா காட்டுது!”

“போர்டு தப்பு! அம்சா, போர்டு தப்பு!”

இருமல் வந்து அவன் குரலை அடைத்தது. அவளுக்குக் கேட்கவில்லையோ, கேட்டும் நம்பவில்லையோ, சக்கரம் நிற்கவில்லை. மற்றவர்களைப் பார்த்து “உல்டா! உல்டா!” என்று கத்தினான். எவனோ ஒரு மதராசி இருட்டில் கத்துகிறான். சுவரில் ஒளிர்கிற பலகை ஒன்று சொல்கிறது. நீங்களாக இருந்தால் யாரை நம்புவீர்கள்?

அவனுக்குப் பின்னால் பத்தடியில் படி. மேலே வெளிச்சம், காற்று. ஏறிவிடு என்று கால் சொன்னது, அதை மறைப்பானேன். ஒரு படி ஏறியும்விட்டான். அப்புறம் சட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு புகைக்குள் ஓடினான். ஒவ்வொரு பலகையாக அவன் தலைக்கு மேல் கடந்தது. இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொன்றும் நீ போகிற வழி சரிதான் என்று அவனுக்கும் சொன்னது.

ஷட்டரைக் கைகளால் தட்டுகிற சத்தம் கேட்டது. நெருங்கினால் ஒரே நெரிசல், இருமல், அழுகை. வெள்ளைப் புடவையைப் பார்த்து எட்டிப் பிடித்தான்.

“தொறக்கல. பூட்டியிருக்குது” என்றாள் அம்சவேணி. இப்போதுதான் அவள் குரலில் பயம். “இங்கதான வழி? நீ எழுதினதுதான?”

“நான் தப்பா எழுதிட்டேன். அம்பு திரும்பிப் போச்சு. படி அந்தக் கோடி. என் சட்டையைப் புடி. எல்லாரையும் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுக்கச் சொல்லு.”

 அவள் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்தவர்களிடம் இந்தியில் கத்திச் சொன்னாள். அவன் கிழவியை நாற்காலியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி நடந்தான். பலகையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தான். முழங்கால் படியில் இடித்தபோது வாய்விட்டு அழுதுவிட்டான்.

எல்லாரும் வெளியே வந்தார்கள். பத்துப் பேர். யாரும் சாகவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் கரி முகங்களோடு உட்கார்ந்து இருமினார்கள். கிழவிக்கு முகமூடி வைத்துப் பிராண வாயு கொடுத்தார்கள். கண் திறந்து தண்ணீர் கேட்டாள். உள்ளே ஜெனரேட்டரில் பிடித்த தீயை அணைத்துப் புகையை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். “போர்டுவாலா போய் எல்லாரையும் கூட்டிவந்தான் சாப்” என்று வாட்ச்மேன் சொன்னான். மேனேஜர் தர்மனைக் கட்டிப்பிடித்தார். ஷாபாஷ், ஷாபாஷ் என்றார். முதுகில் தட்டினார். ஒருவர் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கீழே பெஞ்சில் காத்திருந்த ஒரு சர்தார்ஜி அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் மேனேஜர் திரும்பினார். “இவர்களை ஷட்டர் பக்கம் கூட்டிப்போனது யார்?”

நாலைந்து விரல்கள் அம்சவேணியை நோக்கி நீண்டன. அந்த ஆயாதான், இதர் இதர் என்று கத்திக் கூட்டிப்போனாள் என்றார்கள். பொய் இல்லை. மேனேஜரின் முகம் மாறியது. படிக்கத் தெரியாதவளையெல்லாம் வேலைக்கு வைத்தது என் புத்திகெட்டத்தனம், பத்துப் பேரைக் கொல்லப் பார்த்தாயே, போலீஸ் வரட்டும், நீயே பதில் சொல் என்று இந்தியில் பொரிந்து தள்ளினார்.

அம்சவேணி எழுந்து நின்றாள். புடவை முழுக்கக் கரி. “மை டர் கயீ சாப். போர்டு நஹி தேகா” என்றாள். பயந்துவிட்டேன், பலகையைப் பார்க்கவில்லை என்று.

தர்மன் தலை நிமிர்ந்தான். அவள் அவனைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டு, தமிழில் மெல்லச் சொன்னாள்: “பேசாம இரு. வாயைத் தொறக்காத. எனக்கு இந்த வேலை இல்லேன்னா பாத்திரம் தேய்க்க நாலு வீடு இருக்குது. உன்னைப் புடிச்சுக்கினு போனா நான் எங்கய்யா போயித் தேடுவேன்?”

 பேசாமல் இருந்தால் போதும். கீழே போய் மிச்ச ஐந்து ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டால் யாருக்கும் எந்த நாளும் தெரியாது. அவளே சொல்லிவிட்டாள். மேனேஜரின் கை இன்னும் அவன் தோளில்தான் இருந்தது. புகைக்குள் ஓடும்போது இருந்த பயம் இந்தப் பயத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. 

“சாப்” என்றான்.

மேனேஜருக்குக் கேட்கவில்லை. தர்மன் தோளிலிருந்த கையை எடுத்து விலக்கினான்.

“சாப், அவ போர்டைப் பாத்துதான் போனா” என்றான். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டான். யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அம்சவேணி மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“போர்டு கலத் ஹை” என்றான் மறுபடியும், இந்தியில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “தீர் உல்டா ஹை. மைனே பனாயா.” பலகை தப்பு, அம்பு எதிர்ப்பக்கம், செய்தவன் நான்.

சர்தார்ஜி தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மேனேஜர் வாட்ச்மேனைப் பார்த்து கேட்டைப் பூட்டச் சொல்லிக் கத்தினார். தர்மன் ஓடவில்லை, அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அம்சவேணி தலையில் அடித்துக்கொண்டு, “பாவி மனுஷா, பாவி மனுஷா” என்று அழுதபடி வந்து அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.